இரும்பைக் கண்டு பயப்படும் போர்க்கப்பல்

1988 ஏப்ரல் 14. பாரசீக வளைகுடாவில் அமெரிக்கப் போர்க்கப்பல் 'சாமுவேல் பி. ராபர்ட்ஸ்' போய்க்கொண்டிருந்தது. முன்னால் தண்ணீரில் மூன்று கருப்பு உருண்டைகள் மிதப்பதைக் காவலுக்கு நின்ற மாலுமி பார்த்துவிட்டார். கடற்கண்ணிகள்! கேப்டன் உடனே கப்பலை நிறுத்தினார். வந்த வழியில் ஆபத்து எதுவும் இல்லையே, அதே தடத்தில் பின்னோக்கிப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டார். சரியான கணக்குதான். ஆனால் யார் கண்ணிலும் படாத நாலாவது கண்ணி ஒன்று தண்ணீருக்கடியில் இருந்தது. அதன்மேல் கப்பல் மோதியது.

இன்ஜின் அறைக்குள் வெள்ளம். கப்பலின் முதுகெலும்பான கீல் முறிந்துபோனது. பிளவுபட்ட இடங்களை மாலுமிகள் ஸ்டீல் கேபிள் போட்டு இழுத்துக் கட்டி, இரவெல்லாம் போராடிக் கப்பலைக் காப்பாற்றினார்கள். யாரும் சாகவில்லை. பழுதுபார்க்க ஆன செலவு ஏறக்குறைய 9 கோடி டாலர். அந்தக் கண்ணியின் விலை? சுமார் 1,500 டாலர். இதைவிட வெட்கக்கேடான விஷயம், அந்தக் கண்ணியின் டிசைன் 1908-ல் ரஷ்யாவில் போட்டது. ஏவுகணை யுகத்தின் கப்பலை 80 வருஷப் பழைய டிசைன் முடக்கிப் போட்டுவிட்டது.

அப்போ இந்த மாதிரி கண்ணிகளை யார் போய் எடுக்கிறது? அதுக்குன்னே ஒரு தனி ஜாதிக் கப்பல்கள் இருக்கின்றன. கண்ணிவாரிகள், அதாவது மைன்ஸ்வீப்பர்கள். அப்புறம் அதன் அடுத்த தலைமுறையான மைன்ஹன்டர்கள். விமானந்தாங்கி, நீர்மூழ்கி பற்றியெல்லாம் யூடியூபில் ஆயிரம் வீடியோ இருக்கு. இவங்களைப் பற்றிப் பேச ஆளில்லை. ஆனால் காந்தவியல், மெட்டீரியல் சயின்ஸ், ஒலியியல், கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் என்று நாம நாலு வருஷம் படிக்கிற எல்லாமே ஒரே ஓட்டுக்குள் அடங்கியிருக்கிற கப்பல் இது.

முதலில் எதிரியைப் புரிந்துகொள்வோம்.

கார்ட்டூனில் வருகிற, உடம்பெல்லாம் கொம்பு முளைத்த உருண்டை நிஜமாகவே இருக்கிறது. கடல் அடியில் ஒரு எடைக்கட்டை. அதிலிருந்து மேலே போகும் கம்பி. கம்பியின் முனையில் காற்று நிரம்பிய, வெடிமருந்து வைத்த உருண்டை. மேலே மிதந்து வரத் துடிக்கும், கம்பி விடாது. அதனால் தண்ணீர் மட்டத்துக்குச் சில மீட்டர் கீழேயே நிற்கும். அதன் கொம்பு ஒவ்வொன்றும் மெல்லிய ஈயத்தால் ஆனது. உள்ளே கண்ணாடிக் குப்பி, குப்பிக்குள் அமிலம். கப்பல் மோதினால் ஈயம் நசுங்கும், குப்பி உடையும், அமிலம் கீழே இருக்கிற பேட்டரித் தகடுகளின்மேல் வழியும். அந்த நொடியில்தான் பேட்டரியே பிறக்கிறது! கரன்ட் போய் டெட்டனேட்டரைத் தட்டும். அதுவரைக்கும் உள்ளே கரன்ட்டே கிடையாது. தீர்ந்துபோக பேட்டரியே இல்லாததால் பல வருஷம் கழித்தும் வேலை செய்யும். எளிமையான டிசைன்தான், ஆனால் யோசிக்க யோசிக்கப் பயமாக இருக்கும்.

வெடிச்சால் ஓட்டை விழும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். கப்பலைத் தொடாமல் அடியில் வெடிக்கிற கண்ணிதான் இன்னும் கொடியது. வெடித்த வாயு ஒரு பெரிய குமிழியாக விரிந்து கப்பலின் நடுப்பகுதியை மேலே தூக்கும். பிறகு குமிழி சுருங்கும்போது நடுவில் தாங்கல் போய்விடும். இரண்டு முனைகளில் மட்டும் தாங்கப்பட்ட பீமின் நடுவில் லோடு வைத்தால் என்ன ஆகும் என்று ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் வகுப்பில் வரைந்திருப்போமே, அந்தப் படம்தான். ஒருமுறை மேலே வளைந்து, மறுமுறை கீழே வளைந்து, கப்பல் தன் சொந்த எடையிலேயே முறியும்.

கம்பியில் கட்டிய கண்ணிகளை எடுப்பது ஒப்பீட்டளவில் சுலபம். கப்பல் பின்னால் ஒரு நீளமான கம்பியை இழுத்துக்கொண்டு போகும். அது நேராக வால்போல வராமல் பக்கவாட்டில் விரிய வேண்டும். அதற்கு ஒரு பலகை அமைப்பு, தண்ணீர் விசையிலேயே காற்றாடி மாதிரி வெளிப்பக்கம் தள்ளிப்போகும். ஆழத்தைப் பிடித்து வைக்க இன்னொரு பலகை, மேலே அடையாளத்துக்கு ஒரு மிதவை. இழுபடும் கம்பியில் ரம்பம்போல் பல், அங்கங்கே வெட்டும் கருவி. கண்ணியின் கம்பி இதில் மாட்டினால் அறுந்துவிடும். கண்ணி மேலே மிதந்து வரும். துப்பாக்கியால் சுட்டு மூழ்கடிப்பார்கள் அல்லது வெடிக்க வைப்பார்கள். முதல் உலகப் போர் காலத்திலேயே ஆங்கிலேயர்கள் இந்த முறையைப் பிடித்துவிட்டார்கள். முதலில் சோதித்துப் பார்த்த 'ஒரோபெசா' என்ற மீன்பிடிக் கப்பலின் பெயரே இந்த முறைக்கும் நின்றுவிட்டது. மீனவர்களுக்கு வலை இழுக்கத் தெரியும் என்பதால் அந்தக் காலத்தில் இந்த வேலைக்குப் பெரும்பாலும் மீன்பிடிக் கப்பல்களையும் அதன் ஆட்களையுமே எடுத்தார்கள். கண்ணிவாரும் வேலை உண்மையில் ஒருவகை மீன்பிடிப்புதான், என்ன, மாட்டுகிற மீன் வெடிக்கும்.

இதோடு கதை முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையே தேவையில்லை. 1939 இலையுதிர் காலத்தில் பிரிட்டனைச் சுற்றிக் கப்பல்கள் மர்மமாக வெடிக்க ஆரம்பித்தன. வாரி முடித்த, பத்திரமானது என்று சான்று கொடுத்த பாதைகளிலேயே வெடித்தன. எதன்மேலும் மோதவில்லை. கம்பியில் எதுவும் மாட்டவும் இல்லை. தேம்ஸ் நதி முகத்துவாரத்தில் போக்குவரத்து நின்றுபோகும் நிலை. லண்டனுக்குச் சாப்பாடு வருகிற வாசல் அது.

நவம்பர் 22 இரவு ஒரு ஜெர்மன் விமானம் பாராசூட்டில் எதையோ போட்டது. அது தவறிப்போய் ஷூபரினெஸ் என்ற இடத்தில், கடல் வற்றும்போது வெளியே தெரிகிற சேற்றுப் பரப்பில் விழுந்தது. கடற்படை அதிகாரி ஜான் ஊவ்ரியும் அவருடைய குழுவும் ஓடிவந்தார்கள். அலை திரும்பி வருவதற்குள் முடிக்க வேண்டும். காந்தக் கண்ணியாக இருக்கலாம் என்று சந்தேகம், அதனால் இரும்பு ஸ்பேனரைக் கிட்டே கொண்டுபோக முடியாது. அச்சு எடுத்து, அந்த அளவுக்குப் பித்தளையில் கருவி செய்து வாங்கினார்கள். மறுநாள் ஊவ்ரியும் பால்ட்வின் என்ற சகாவும் கண்ணிமேல் கை வைத்தார்கள். மற்ற இருவர் தூரத்தில் நோட்டுப் புத்தகத்தோடு நின்றார்கள். அடுத்து எதைக் கழற்றப் போகிறோம் என்பதை ஊவ்ரி ஒவ்வொரு தடவையும் முன்கூட்டியே சொல்லிவிடுவார். ஏன்? வெடித்துவிட்டால், எந்த இடத்தில் தப்பு நடந்தது என்று அடுத்த குழுவுக்குத் தெரிய வேண்டும் அல்லவா! லேப் ரெக்கார்டு எதற்கு எழுதுகிறோம் என்று யாராவது கேட்டால் இந்தச் சம்பவத்தைச் சொல்லலாம். கண்ணி வெடிக்கவில்லை. ரகசியம் வெளியே வந்தது. பால்ட்வின் மறுவருஷம் வேறொரு கண்ணியைப் பிரிக்கும்போது இறந்துபோனார்.

உள்ளே இருந்தது சுலபமான தத்துவம். எஃகுக் கப்பல் ஒரு பெரிய காந்தம். கட்டும்போதே மாதக்கணக்கில் பூமியின் காந்தப்புலத்தில் ஒரே திசையில் கிடந்து, சுத்தியலடியும் வெல்டிங் சூடும் வாங்கி, நிரந்தரமாகக் கொஞ்சம் காந்தம் ஏறிவிடும். அதுபோக, எங்கே போனாலும் அந்த இடத்துப் பூமிப் புலம் தற்காலிகமாகக் கொஞ்சம் காந்தத்தைத் தூண்டும். சென்னையில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40,000 நானோடெஸ்லா. கப்பல் மேலே கடக்கும்போது அந்த அளவு லேசாகக் கூடிக் குறையும். கண்ணிக்கு மொத்த அளவு முக்கியமில்லை, மாற்றம்தான் முக்கியம். மாற்றம் தெரிந்ததும் உள்ளே ஒரு ஊசி சாயும், சர்க்யூட் மூடும்.

தீர்வும் அதே தத்துவத்திலிருந்துதான் வந்தது. கப்பலைச் சுற்றிக் கேபிள் கட்டி, எதிர்த்திசைப் புலம் உண்டாகிற மாதிரி கரன்ட் விட்டார்கள். கப்பலின் காந்தமும் சுருளின் காந்தமும் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ள, கீழே இருக்கிற கண்ணிக்கு எதுவுமே தெரியாது. கணிதமேதை காஸ் பெயரால் இதற்கு 'டிகாசிங்' என்று பெயர். சார்ல்ஸ் குடீவ் என்ற விஞ்ஞானி-அதிகாரி இதை முன்னெடுத்தார். ஒரு சுவாரசியம்: தூண்டப்பட்ட காந்தத்தின் செங்குத்துப் பகுதி காந்த மத்தியரேகையைத் தாண்டினால் தலைகீழாகிவிடும். அதனால் கப்பல் வடக்கே இருந்து தெற்கே போகப் போக டிகாசிங் கரன்ட்டையும் மாற்றிக்கொண்டே வர வேண்டும். ஒருதடவை செட் பண்ணிட்டு மறந்துடலாம்னு நினைச்சா அவ்ளோதான்.

காந்தக் கண்ணிகளை வாருவதற்கும் மின்சாரமே வழி. இரண்டு கப்பல்கள் இணையாகப் போகும். ஒவ்வொன்றும் மிதக்கிற கேபிள்களை இழுக்கும், ஒன்று நீளம், ஒன்று குட்டை. முனைகள் இரண்டும் கடல்நீரில் திறந்திருக்கும். உப்புத் தண்ணீர் கடத்தி என்பதால் அதன் வழியாகவே சர்க்யூட் பூர்த்தியாகும். இரு கப்பல்களும் ஒரே நேரத்தில் பெரிய கரன்ட்டைத் துடிப்பாக விட்டால் நடுவில் பரந்த இடத்துக்குப் புலம் எழும்பும். 'இதோ கப்பல் வந்துவிட்டது' என்று கண்ணி ஏமாந்து, பின்னால் யாருமில்லாத இடத்தில் வெடிக்கும்.

அப்புறம் நடந்தது பூனை-எலி விளையாட்டு. 1940-ல் ஒலிக்கு வெடிக்கும் கண்ணி வந்தது. பதிலுக்குக் கப்பல்கள் தண்ணீருக்குள் சத்தம் போடும் சுத்தியல் கருவிகளை இழுத்தன. 1944-ல் நார்மண்டியில் அழுத்தக் கண்ணி வந்தது. கப்பல் கடக்கும்போது அடியில் தண்ணீர் அழுத்தம் கொஞ்சம் குறையும், நம்ம பெர்னூலிதான். அந்தக் குறைவை உணர்ந்து வெடிப்பது. இதை ஏமாற்ற வேண்டுமானால் கப்பல் அளவுக்குத் தண்ணீரை விலக்குகிற ஒரு பொருளை இழுக்க வேண்டும். அதாவது இன்னொரு கப்பல்! அதனால் இதற்கு நல்ல வாரும் முறை என்று ஒன்று அமையவே இல்லை.

இன்றைய கண்ணி இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும். காந்தம், ஒலி, அழுத்தம் மூன்றும் சரியான வரிசையில் வந்தால்தான் வெடிக்கும். எண்ணிக்கை வைத்திருக்கும் கருவியும் உண்டு. முதல் பத்துக் கப்பலை விட்டுவிட்டுப் பதினோராவதுக்கு வெடி என்று சொல்லி வைக்கலாம். வாரும் கப்பல் ஒன்பது தடவை மேலே போய்வந்து 'பாதை சுத்தம்' என்று சொன்னாலும் அதற்கு அர்த்தமில்லை.

இங்கேதான் சிந்தனை மாறியது. கண்ணியை ஏமாற்ற வேண்டாம். ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றாக அழிப்போம். வாருதல் போய் வேட்டை வந்தது. ஆனால் வேட்டைக்காரன் கண்ணிக்கு அருகில் போயாக வேண்டும். எனவே அவன் காந்தமில்லாமல், சத்தமில்லாமல் இருக்க வேண்டும்.

காந்தமில்லாமல் கப்பல் கட்ட எதை எடுப்பது? எங்கள் வகுப்பில் இந்தக் கேள்வியைப் போட்டபோது பாதிப் பேர் அலுமினியம் என்றார்கள். நியாயமான பதில்தான், அலுமினியத்தைக் காந்தம் இழுக்காது. ஆனால் அது நல்ல கடத்தி. அலையில் கப்பல் இப்படியும் அப்படியும் ஆடும்போது பூமியின் காந்தப்புலத்தை அந்தத் தகடுகள் வெட்டுகின்றன. ஃபாரடே சும்மா இருப்பாரா? தகடு முழுக்கச் சுழல் மின்னோட்டங்கள் ஓடும், அவை தங்களுக்கென்று ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். ஆடுகிற கப்பல், துடிக்கிற புலம். கண்ணிக்கு அது போதும். ஆக, காந்தமும் ஆகாது, கடத்தவும் கூடாது. மிஞ்சியது மரமும் பிளாஸ்டிக்கும்.

அமெரிக்கா 1980-களிலும் மரத்தையே பிடித்துக்கொண்டது. 'அவெஞ்சர்' வகைக் கப்பல்கள் 14. நீளம் 68 மீட்டர், எடை 1,300 டன்னுக்கு மேல். ஓக், டக்ளஸ் ஃபர், சிடார் மரங்களை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த உடல், வெளியே கண்ணாடியிழைப் பூச்சு. அணுசக்தி விமானந்தாங்கி வைத்திருக்கிற அதே கடற்படையில்தான் இந்த மரக்கலமும்! 2013 ஜனவரியில் இவற்றில் ஒன்றான 'கார்டியன்' பிலிப்பைன்ஸின் துப்பதஹா பவளப்பாறையில் ஏறிவிட்டது. இழுத்து எடுக்க முடியாமல், பாறையைக் காப்பாற்றுவதற்காகக் கப்பலைத் துண்டு துண்டாக வெட்டித்தான் அகற்றினார்கள்.

பிரிட்டன் வேறு வழியில் போனது. 1973-ல் படையில் சேர்ந்த 'வில்டன்' கண்ணாடியிழை பிளாஸ்டிக்கில் கட்டிய உலகின் முதல் போர்க்கப்பல். மாலுமிகள் வைத்த பட்டப்பெயர் 'டப்பர்வேர்'. (நம்ம வீட்டில் லஞ்ச் கட்டிக்கொடுக்கிற அதே டப்பாதான்.) அது சோதனை, வெற்றி பெற்றதும் 60 மீட்டர் நீள 'ஹன்ட்' வகைக் கப்பல்கள் 13 வந்தன. கண்ணாடியிழைத் துணியை விரித்து, ரெசினை ஊற்றி, உருளையால் தேய்த்து, காற்றுக்குமிழி இல்லாமல் அடுக்கு அடுக்காக ஏற்றுவது. நம்ம வொர்க்ஷாப்பில் ஹேண்ட் லே-அப் செய்கிற அதே வேலை, 60 மீட்டருக்கு. துருப்பிடிக்காது, வெடி அதிர்ச்சிக்கு வளைந்து கொடுக்கும். பலவீனம் தீ. நார்வேயின் 'ஒர்க்லா' 2002-ல் தீப்பிடித்து எரிந்து மூழ்கியே போனது. ஜெர்மனி இந்த இரண்டையும் தொடாமல் காந்தமாகாத ஸ்பெஷல் எஃகில் கட்டியது. விலை எகிறும், வெல்டிங் தலைவலி, ஆனால் உறுதி. எது சரி என்று இன்றைக்கும் ஒரே பதில் இல்லை.

உடல் மட்டும் காந்தமில்லாமல் இருந்தால் போதுமா? இன்ஜின் இருக்கே! முடிந்தவரை காந்தமாகாத உலோகக் கலவையில் விசேஷ டீசல் இன்ஜின் செய்வார்கள். மிச்சமிருக்கும் காந்தத்தை ஒவ்வொரு இயந்திரத்தைச் சுற்றியும் குட்டிக் குட்டி டிகாசிங் சுருள் போட்டு அடக்குவார்கள். முக்குளிப்பவர்களின் கத்தி, ஸ்பேனர் எல்லாம் வெண்கலக் கலவை அல்லது டைட்டானியம். சத்தத்துக்கு இன்னொரு போராட்டம். ஜெனரேட்டரை ரப்பர் தாங்கிகள்மேல், சில கப்பல்களில் தண்ணீர் மட்டத்துக்கு மேலேயே தூக்கி வைப்பார்கள், அதிர்வு உடல் வழியாகக் கடலுக்குள் இறங்காமல் இருக்க. தேடும்போது பெரிய டீசலை அணைத்துவிட்டு மின்மோட்டாரில் நகரும் கப்பல்களும் உண்டு.

அலையும் நீரோட்டமும் தள்ளும்போது கண்ணிக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் நிற்பது இன்னொரு கலை. சாதாரண ப்ரொப்பெல்லர் முன்னுக்கும் பின்னுக்கும் மட்டும் தள்ளும். பிரிட்டனின் 'சாண்ட்டவுன்' வகைக் கப்பல்களில் வோய்த்-ஷ்னைடர் என்ற அமைப்பு இருக்கிறது. கப்பலின் அடியில் ஒரு வட்டத் தட்டு சுழலும், அதிலிருந்து கத்திகள் செங்குத்தாகக் கீழே தொங்கும். ஒவ்வொரு கத்தியின் கோணத்தையும் சுற்றும்போதே மாற்றுவதால் எந்தத் திசையில் வேண்டுமானாலும் உந்துவிசை கிடைக்கும். சுக்கானே தேவையில்லை. கம்ப்யூட்டர் இருப்பிடத்தையும் காற்றையும் பார்த்து இதை ஓட்டும்போது கப்பல் ஆணி அடித்த மாதிரி நிற்கும்.

இப்போது வேட்டை. முக்கியக் கருவி சோனார். இங்கே ஒரு சின்னக் கணக்கு. கடல்நீரில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர். 100 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் 1.5 சென்டிமீட்டர், 500 கிலோஹெர்ட்ஸில் 3 மில்லிமீட்டர். அலைநீளம் குறையக் குறைய நுணுக்கமான படம் கிடைக்கும். ஆனால் அதிர்வெண் கூடக்கூடத் தண்ணீர் ஒலியை விழுங்கிவிடும், தூரம் போகாது. தூரத்தில் மங்கலாகப் பார்க்கலாம், அல்லது கிட்டத்தில் தெளிவாகப் பார்க்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் கிடையாது. அதனால் வேட்டைக் கப்பலில் இரண்டு சோனார் வேலைகள். குறைந்த அதிர்வெண்ணில் 'ஏதோ இருக்கு' என்று கண்டுபிடிப்பது, கூடிய அதிர்வெண்ணில் 'அது என்ன' என்று பார்ப்பது.

பார்ப்பவர் உண்மையில் பொருளைவிட அதன் நிழலைத்தான் அதிகம் கவனிப்பார். சோனார் படத்தில் ஒரு பொருள் வெறும் வெளிச்சப் புள்ளியாகத் தெரியும்; அதற்குப் பின்னால் ஒலி எட்டாத இடம் கருப்பு நிழலாக விழும். நிழலின் வடிவத்தில்தான் உருளையா, கூம்பா, பாறையா என்று புரியும். கடலடியில் என்னதான் இல்லை? டிரம், டயர், நங்கூரம், யாரோ தூக்கிப் போட்ட ஃபிரிட்ஜ். ஒவ்வொன்றும் கண்ணி மாதிரியே நடிக்கும். சந்தேகப்பட்ட ஒவ்வொன்றையும் கேமரா பொருத்திய சின்ன ரிமோட் வாகனத்தையோ முக்குளிப்பவரையோ அனுப்பிப் பார்க்க வேண்டும். கண்ணிதான் என்றால் பக்கத்தில் ஒரு வெடிமருந்துப் பொட்டலத்தை வைத்துவிட்டு விலகி வந்து வெடிப்பார்கள்.

எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்த்தேன். துறைமுகத்துக்கு 20 கி.மீ. நீளம், 2 கி.மீ. அகலம் உள்ள பாதை என்று வைத்துக்கொள்வோம். ஒரு தடவைக்கு 100 மீட்டர் அகலம், வேகம் 3 நாட், அதாவது மணிக்கு 5.5 கி.மீ. மணிக்கு 0.55 சதுர கி.மீ. முடியும். 40 சதுர கி.மீ.க்கு ஏறக்குறைய 73 மணி நேரம், எங்கேயும் நிற்காமல் போனால். ஒரு சதுர கி.மீ.க்கு 10 சந்தேகப் பொருள்தான் என்று தாராளமாக வைத்தாலும் மொத்தம் 400. ஒவ்வொன்றுக்கும் அரை மணி என்றால் இன்னும் 200 மணி. ஆக 11 நாளுக்கு மேல், இரவு பகலாக. கண்ணியைப் போட எவ்வளவு நேரம்? ஒரு சாதாரணப் படகுக்கு ஒரே ராத்திரி.

இந்த ஏற்றத்தாழ்வு 1950 அக்டோபரில் கொரியாவின் வொன்சான் துறைமுகத்தில் பச்சையாகத் தெரிந்தது. சுமார் 250 கப்பல்களோடு அமெரிக்கப் படை தரையிறங்க வந்தது. சாதாரணப் படகுகளைக் கொண்டு 3,000 அளவில் கண்ணிகளைப் போட்டு வைத்திருந்தது வடகொரியா. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் கண்ணிவாரிகளை அமெரிக்கா கிட்டத்தட்டக் கலைத்தே விட்டிருந்தது. இருந்த கொஞ்சநஞ்சத்தை வைத்து வார ஆரம்பித்தார்கள். அக்டோபர் 12 அன்று 'பைரேட்', 'பிளெட்ஜ்' என்ற இரண்டு கண்ணிவாரிகள் ஒரே நாளில் மூழ்கின. ஜப்பானியக் கண்ணிவாரிகளை ரகசியமாக வரவழைத்தார்கள், அதில் ஒன்றும் வெடித்தது. படைவீரர்களைச் சுமந்த கப்பல்கள் கடலில் வடக்கே போவதும் தெற்கே வருவதுமாக ஒரு வாரம் அலைந்தன. 'யோ-யோ ஆபரேஷன்' என்று வீரர்களே கிண்டல் செய்தார்கள். அதற்குள் தென்கொரியப் படை தரை வழியாகவே ஊரைப் பிடித்துவிட்டது. கடைசியில் இவர்கள் இறங்குவதற்கு முன்பே நகைச்சுவை நடிகர் பாப் ஹோப் விமானத்தில் வந்து நிகழ்ச்சியே நடத்திவிட்டார்! கடற்படையே இல்லாத ஒரு நாட்டிடம், முதல் உலகப் போருக்கும் முந்தைய ஆயுதத்தால் கடலை இழந்தோம் என்று அங்கிருந்த அட்மிரல் ஆலன் ஸ்மித் நொந்துபோய் அறிக்கை அனுப்பினார்.

பாடம் படித்தார்கள், பிறகு மறந்தார்கள். 1991 பிப்ரவரி 18 அன்று ஈராக்கின் கண்ணிகளில் 'டிரிபோலி', 'பிரின்ஸ்டன்' என்ற இரண்டு அமெரிக்கக் கப்பல்கள் சில மணி நேர இடைவெளியில் அடிபட்டன. டிரிபோலி அங்கே என்ன செய்துகொண்டிருந்தது தெரியுமா? கண்ணி வாரும் ஹெலிகாப்டர்களுக்குத் தளமாக, அந்தப் பணிக்கே தலைமைக் கப்பலாக இருந்தது.

நம்ம பக்கம் கண்ணி வந்ததில்லையா? வந்திருக்கிறது. எம்டன் சென்னைமேல் குண்டு போட்டது எல்லாருக்கும் தெரியும். 1917-ல் வந்த இன்னொரு ஜெர்மன் கப்பலைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. பெயர் 'வூல்ஃப்', சரக்குக் கப்பல் வேஷம். கொழும்புக்கும் பம்பாய்க்கும் வெளியே சத்தமில்லாமல் கண்ணிகளைப் போட்டுவிட்டு நழுவியது. கொழும்பு அருகே 'வொர்செஸ்டர்ஷயர்', 'பெர்சியஸ்' என்ற கப்பல்கள் மூழ்கின. சில மாதம் கழித்து, ஜூனில், பம்பாய்க்கு வெளியே 'மங்கோலியா' என்ற பயணிகள் கப்பலும் மூழ்கியது. அதற்குள் வூல்ஃப் எங்கோ போய்விட்டது. எம்டன் பெயர் மட்டும் நம்ம பேச்சுவழக்கில் நின்றுவிட்டது.

சுதந்திர இந்தியா இதை மறக்கவில்லை. 1978 முதல் 1988 வரை சோவியத் யூனியனில் கட்டிய 12 கண்ணிவாரிகளை வாங்கியது. இந்த வரிசைக்கே பெயர் 'பாண்டிச்சேரி' வகை. கடலூர், காக்கிநாடா, கோழிக்கோடு, ஆலப்புழை, கார்வார் என்று கரையோர ஊர்களின் பெயர்கள்தான் பெரும்பாலானவற்றுக்கு. 30 வருஷம் உழைத்துவிட்டு ஒவ்வொன்றாக ஓய்வு பெற்றன. கடலூர் 2018 மார்ச்சில். கடைசியாக ஐ.என்.எஸ். கோழிக்கோடு 2019 ஏப்ரலில் விசாகப்பட்டினத்தில் கொடி இறக்கியது. அத்தோடு இந்தியக் கடற்படையில் இந்த வேலைக்கென்றே கட்டிய கப்பல் ஒன்றுகூட இல்லாமல் போனது.

மாற்று ஏற்பாடு செய்யவில்லையா என்றால், செய்தார்கள். தென்கொரியாவின் காங்னாம் நிறுவனத் தொழில்நுட்பத்தில் கண்ணாடியிழைக் கப்பல்கள் 12, கோவா கப்பல் கட்டும் தளத்தில் கட்டுவதாகத் திட்டம். மதிப்பு சுமார் 32,000 கோடி ரூபாய். முதலில் ஒரு டெண்டர், அது ரத்து. பிறகு மறுபடி பேச்சு. விலையிலும் தொழில்நுட்பப் பகிர்விலும் இழுபறி நீண்டு 2018-ல் அதுவும் ரத்து. 2025 ஜூலையில் பாதுகாப்புக் கொள்முதல் குழு, உள்நாட்டிலேயே இந்தக் கப்பல்களை வாங்கும் திட்டத்துக்கு 'தேவை ஏற்பு' கொடுத்தது. அது முதல் படிதான். டெண்டர், சோதனை, விலைப்பேச்சு, ஒப்பந்தம் எல்லாம் அதற்கப்புறம்; கப்பல் கட்டுவது அதற்கும் அப்புறம். இதே 2025-ல், மே மாதம், விசாகப்பட்டினத்து ஆய்வகம் உருவாக்கிய பல உணரிகள் கொண்ட கடலடிக் கண்ணியைக் கடற்படையும் டி.ஆர்.டி.ஓ.வும் வெற்றிகரமாகச் சோதித்தன. கண்ணி செய்வது எளிது, எடுப்பது கடினம் என்பதற்கு நம்ம நாட்டிலேயே உதாரணம்.

சென்னை, எண்ணூர், தூத்துக்குடி என்று தமிழ்நாட்டில் மட்டும் மூன்று பெரிய துறைமுகங்கள். எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வருகிற நிலக்கரியில் அனல் மின்நிலையங்கள் ஓடுகின்றன. ஒரு கண்ணிகூடப் போட வேண்டியதில்லை. போட்டிருக்கிறோம் என்று ஒரு நம்பத்தகுந்த வதந்தி போதும். இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பிரீமியத்தை ஏற்றும், கப்பல் முதலாளிகள் வர மாட்டார்கள். 'இல்லை' என்று நிரூபிக்க யாராவது போய் அந்தப் பாதையை அடி அடியாகப் பார்த்தாக வேண்டும்.

இனி வரப்போகும் 12 கப்பல்கள் எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் நிஜமான விவாதம். உலகம் இப்போது மனிதனைக் கண்ணிப் பரப்புக்குள் அனுப்புவதையே கைவிட்டுக்கொண்டிருக்கிறது. பெல்ஜியமும் நெதர்லாந்தும் சேர்ந்து கட்டுகிற 12 கப்பல்கள் தாய்க்கப்பல்கள். தாங்கள் வெளியே பத்திரமாக நின்றுகொண்டு, ஆளில்லாப் படகுகளையும் நீருக்கடி ட்ரோன்களையும் உள்ளே அனுப்பும். அப்படியானால் கண்ணாடியிழை உடலுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாமே, சாதாரண எஃகுக் கப்பலே போதுமே என்று ஒரு கட்சி. அமெரிக்காவும் மரக் கப்பல்களை ஓய்வுக்கு அனுப்பிவிட்டு, இந்த வேலையை ட்ரோன்களோடு அலுமினியக் கப்பல்களிடம் கொடுக்கிறது. ஆனால் அந்த ட்ரோன் கருவிகளைத் தயார்செய்யவே அவர்களுக்குப் பல வருஷம் தாமதமானது. ட்ரோன் கெட்டால் உள்ளே போய் எடுக்கவும் யாராவது வேண்டும் என்பது இன்னொரு கட்சி.

என்னைக் கேட்டால், 12-ம் ஒரே மாதிரி வேண்டாம். துறைமுக வாசலில் உள்ளே போகக்கூடிய சின்னக் கண்ணாடியிழைக் கப்பல்கள் சில, ட்ரோன் சுமக்கும் எஃகுத் தாய்க்கப்பல்கள் சில என்று பிரிக்கலாம். கப்பல் வரும்வரை காத்திருக்காமல் இப்போதே செய்யக்கூடிய வேலை ஒன்றும் இருக்கிறது. அமைதிக் காலத்திலேயே துறைமுகப் பாதைகளின் கடலடியை சோனாரில் படமெடுத்து, எந்த டிரம் எங்கே கிடக்கிறது, எந்த ஃபிரிட்ஜ் எங்கே கிடக்கிறது என்று பட்டியல் வைத்திருந்தால், பிரச்சினை வரும் நாளில் பழைய படத்தோடு ஒப்பிட்டுப் புதிதாக வந்ததை மட்டும் தேடலாம். மேலே போட்ட கணக்கில் அந்த 200 மணி நேரம் பெருமளவு குறையும். அதற்கு ஒரு சைட்-ஸ்கேன் சோனார், ஒரு படகு, இமேஜ் ப்ராசஸிங் தெரிந்த நாலு பேர் இருந்தால் ஆரம்பித்துவிடலாம்.

சேற்றுக்குள் புதைந்துபோன கண்ணிக்கு மட்டும் எந்த மெஷினும் இன்னும் முழுசாகப் பதில் சொல்லவில்லை. அமெரிக்கக் கடற்படை சான் டியேகோவில் பழக்கி வைத்திருக்கிற டால்ஃபின்களுக்கு அது தெரிகிறது. 2003-ல் ஈராக்கின் உம் கஸ்ர் துறைமுகத்தைச் சுத்தம் செய்ய அவற்றைத்தான் விமானத்தில் கொண்டுபோனார்கள்.